நெல்லைச் சீமை ஸ்டேஷன்களுக்கு வரும் புது எஸ்.ஐ.களுக்கு ஒரு வக்கீலின் திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

பயிற்சியை முடித்து, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு வந்து சேரும் உதவி ஆய்வாளர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டையில் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் பண்ணும் வக்கீல். திருடனுக்கும் அடிதடிக்காரனுக்கும் ஜாமீன் போடுகிறவன் நமக்கு என்ன புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் நீங்கள் போடுகிற வழக்கு கடைசியில் என்ன கதியாகிறது என்பதை உங்களைவிட நான்தான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாறுதலாகி விழுப்புரமோ திருப்பூரோ போய்விடுவீர்கள்; வழக்குக் கட்டைப் பிரித்து முதல் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிற நாளில் நான் அதே கோர்ட்டில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருத்தர் உங்களிடம் சொல்லுவார்: "சார், நீங்க புதுசு. இவன்ட்ட நயமாப் பேசினா வேலைக்காவாது. ராத்திரி கொஞ்சம் கவனிச்சா காலைல எல்லாத்தையும் கக்கிருவான்." சொல்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, தங்க வீடு பார்த்துக் கொடுத்து, எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த அதே மனிதராகத்தான் இருப்பார். அவரும் இதைத் தனக்கு முந்தினவரிடம் கற்றுக்கொண்டவர்தான். அந்த ராத்திரியைப் பற்றித்தான் இந்த மடல்.

அடித்தால் ஒன்றுமே கிடைக்காது என்று கூட்டங்களில் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே திருடியவன் உங்கள் கையில் இருந்தால், நகை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால், வலி தாங்காமல் சொல்லத்தான் செய்வான். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்ட போலீஸ்காரருக்கு இந்த முறை பலிக்கும் என்ற நம்பிக்கை ஓய்வு பெறும்வரை போகாது. ஆனால் திருடாதவனும் அதே வலியில், கிட்டத்தட்ட அதே நேரத்தில், ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்வான். இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் சம்பளம் கொடுத்துப் புலன் விசாரணை அதிகாரி என்று ஒருத்தரை வைத்திருக்கிறார்கள். லத்திக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு வழக்கு. கிணற்று மோட்டார்களில் காப்பர் வயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் விவசாயிகள் கொதித்துப்போய் மறியலுக்கு வந்துவிட்டார்கள், மேலிடத்திலிருந்து போன் மேல் போன். வாழைத்தார் சுமக்கிற ஒரு பையன் மாட்டினான். ஏற்கெனவே ஒரு சில்லறைக் கேஸில் பெயர் இருந்தவன், அது போதாதா. ரெண்டு ராத்திரி கழித்து அவன் "தானாகவே முன்வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நல்ல நினைவோடு" ஒரு வாக்குமூலம் கொடுத்தான். ஒப்புக்கொண்டதும் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை, அந்த ஸ்டேஷனில் நிலுவையில் கிடந்த மோட்டார் புகார் அத்தனையையும் ஒப்புக்கொண்டான். அதில் ஒரு புகார் நடந்த ராத்திரி அவன் டெங்குக் காய்ச்சலில் அரசு ஆஸ்பத்திரி வார்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தவன். வார்டு ரெஜிஸ்டரில் பெயர், படுக்கை எண் எல்லாம் இருக்கிறது.

விசாரணைக்கு வந்தபோது கைப்பற்றுதல் மகஜருக்கு, அதாவது பொருளை எடுத்த இடத்திலேயே சாட்சி முன்னால் எழுத வேண்டிய குறிப்புக்கு, சாட்சி, வழக்கம்போல, கிராம நிர்வாக அலுவலர். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "மகஜரில் எந்த இடத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "ஸ்டேஷன்ல." "வயரை முதலில் எங்கே பார்த்தீர்கள்?" "ஸ்டேஷன்லதான், மேசை மேல இருந்துச்சு." அவ்வளவுதான், வேறு கேள்வியே கேட்கவில்லை. பையன் விடுதலை. ஆனால் அவன் உள்ளே இருந்த மாதங்களிலும் வயர் திருட்டு நின்றபாடில்லை. ஊரே பார்த்தது. திருடினவன் எவனோ, ஆள் பிடிபட்டுவிட்டான் என்று தெரிந்து தைரியமாக அடுத்த கிணற்றுக்குப் போயிருக்கிறான். அடியால் யாருக்கு என்ன லாபம்? ஸ்டேஷனுக்கு ஒரு மாதம் போன் தொந்தரவு குறைந்தது. விவசாயிக்கு மோட்டாரும் போனது, வழக்கும் போனது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதலைக் கோர்ட் ஏற்காது என்பது ஏதோ எங்களைப் போன்ற வக்கீல்கள் கண்டுபிடித்த சந்து என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதன் கதை நம் மாகாணத்திலேயே இருக்கிறது. 1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க வெள்ளைக்காரன் ஒரு கமிஷன் போட்டான். மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் புகார்கள். வரி பாக்கிக்காகவும் திருட்டு விசாரணைக்காகவும் என்னென்ன செய்தார்கள் என்று அந்த அறிக்கை பெயரோடு பட்டியல் போடுகிறது. கிட்டி என்று ஒன்று: ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி நசுக்குவது. அண்ணாந்தாள் என்று இன்னொன்று: ஆளைக் கழுத்தும் காலும் ஒட்டும்படி வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் விட்டுவிடுவது. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் இல்லை, கீழே இருந்த நம்மூர்ச் சேவகர்களும் தாசில் ஆட்களும்தான். மேலே இருந்த துரைமார்களுக்கு வரி வசூலானால் சரி. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1859-இல் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிச் சட்டம் போட்டார்கள். 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அது 1872 சாட்சியச் சட்டத்துக்குப் போய், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவாக இன்றைக்கும் இருக்கிறது. பெயரை மாற்றினார்கள், எண்ணை மாற்றினார்கள், இந்த ஒரு விதியை மட்டும் மாற்றத் துணியவில்லை. அந்த 1872 சட்டத்தை எழுதிய ஸ்டீபன் பின்னாளில் ஒரு தகவலைப் பதிவு செய்திருக்கிறார். இந்தியாவில் போலீஸ் ஏன் அடிக்கிறது என்று அனுபவப்பட்ட ஓர் அதிகாரியிடம் பேச்சு வந்தபோது, எல்லாம் சோம்பேறித்தனம்தான், வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட நிழலில் சுகமாக உட்கார்ந்து எவனாவது ஒரு பாவப்பட்டவன் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது லேசு என்கிற பொருளில் அவர் பதில் சொன்னாராம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின பேச்சு. நம்ம ஊர் மே மாத வெயிலை நினைத்தால் எனக்கே அது புரிகிறது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது, உங்களை அடிக்கத் தூண்டுவதும் அந்தக் கதவுதான். காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய 27-ஆம் பிரிவு; இப்போது 23-லேயே ஒரு காப்பு வாசகமாக வருகிறது. "பொருள் கிடைச்சாப் போதும், எப்படிக் கிடைச்சுதுன்னு எவன் கேக்கப் போறான்" என்று ஸ்டேஷனில் சொல்லுவார்கள். கேட்கிறார்கள். 1961-லேயே உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இந்தப் பிரிவு செல்லும், ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கிய தகவல் என்றால் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எந்தக் குற்றவாளியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 20(3) குறுக்கே வரும் என்று சொல்லிவிட்டது. அப்புறம், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். மேசை மேல் வயரை வைத்துவிட்டு வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிற காலம் முடிந்துகொண்டு வருகிறது. எனக்கு ஒரு குறுக்கு விசாரணைக் கேள்வி குறைந்தது, சந்தோஷம்தான்.

இதுவரை பேசியது அடித்து உண்மையை வரவழைப்பது பற்றி. நம் பக்கத்தில் பெயர் கெட்டுப்போன சம்பவங்களை எடுத்துப் பாருங்கள், அங்கே வரவழைக்க வேண்டிய உண்மை என்ன இருந்தது?

சாத்தான்குளம். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடை திறந்திருந்ததாக ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் கொண்டுபோனார்கள். கடை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதில் ரகசியம் ஏதாவது உண்டா? யாரிடமாவது எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததா? மறுநாள் ஆஸ்பத்திரியில் தகுதிச் சான்று வாங்கி, மாஜிஸ்டிரேட்டிடம் ரிமாண்ட் வாங்கி, பக்கத்தில் எத்தனையோ சிறை இருக்கக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 காலை அப்பா. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் எழுதிய அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது, எனக்கு ரத்தம் படிந்த லத்தியைவிட அதுதான் மனதில் நிற்கிறது: ஸ்டேஷன் சிசிடிவியின் ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி செட் பண்ணி வைத்திருந்தார்கள். அந்தக் கேமரா திருடனைப் பார்க்க மாட்டியது என்றால் யாராவது அப்படி வைப்பார்களா?

அம்பாசமுத்திரம். 2023 மார்ச். விசாரணைக்குக் கொண்டுபோன இளைஞர்களின் பல்லைக் கொறடாவால் பிடுங்கினார்கள், வாயில் ஜல்லிக்கல்லைப் போட்டு அடித்தார்கள் என்று புகார். அம்பை, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் என்று ஸ்டேஷன் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சப்-டிவிஷன் பொறுப்பில் இருந்த உதவிக் கண்காணிப்பாளரைச் சஸ்பெண்ட் செய்வதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றச்சாட்டைத் தீர்மானிப்பது கோர்ட் வேலை, அதற்குள் நான் போகவில்லை. என் கேள்வி சின்னது. அந்தப் பையன்கள் மேல் இருந்தது பெரும்பாலும் அடிதடி மாதிரியான புகார்கள். ஒருத்தனுடைய கடைவாய்ப் பல்லில் எந்தச் சாட்சியம் ஒளிந்திருக்கும்?

நம் ஜில்லா இல்லை என்றாலும் சிவகங்கைப் பக்கத்து மடப்புரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் கடைசி. காரில் இருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படை கொண்டுபோனது. இருபத்தேழு வயது. 28-ஆம் தேதி செத்துப்போனான். உடம்பெல்லாம் காயம், நாற்பதுக்கும் மேலே, உயர் நீதிமன்றமே எண்ணிச் சொன்னது. நகை கிடைத்ததா? கிடைக்கவில்லை. இனி அவனிடம் கேட்கவும் முடியாது. விசாரணை என்கிற கோணத்தில் மட்டும் பார்த்தால்கூட, உங்களிடம் இருந்த ஒரே ஆளை நீங்களே இல்லாமல் ஆக்கிக்கொண்டீர்கள்.

ஆகவே 'விசாரணை' என்று சொல்லி நடப்பதில் பெரும்பங்கு தண்டனைதான். கோர்ட் கொடுக்க வேண்டியதை, கோர்ட் கொடுக்கவே முடியாத அளவில், கோர்ட்டுக்கு முன்னாடியே கொடுப்பது. இதில் இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். அடி உண்மையிலேயே ஒரு புலனாய்வு முறை என்றால் எல்லார் மேலும் அதைப் பிரயோகிக்க வேண்டுமே. நிதி நிறுவனம் நடத்தி ஊர்ச் சனத்தின் கோடிக்கணக்கான பணத்தை விழுங்கியவரைக் கூப்பிட்டால் நாற்காலி போடுகிறோம், "காபி சாப்பிடுறீங்களா அண்ணாச்சி" என்கிறோம், வக்கீல் கூடவே உட்காருகிறார். அவரிடம் மறைத்து வைத்த பணம் இல்லையா? வாழைத்தார் சுமக்கிறவன் மறைத்த வயரைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆனால் அங்கே கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறோம், வங்கி விவரம் கேட்டு எழுதுகிறோம், ஆடிட்டரை விசாரிக்கிறோம். அதாவது அடிக்காமல் விசாரிக்கத் தெரியும். யாரிடம் அந்தத் திறமையைக் காட்டுவது என்பதில்தான் வித்தியாசம், அந்த வித்தியாசத்தில் பணம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"அதெல்லாம் சரி சார், தீவிரவாதி கேஸ்ல என்ன பண்ணுவீங்க, எங்கயோ குண்டு வச்சிருக்கான், ஒரு மணி நேரத்துல வெடிக்கப் போவுது..." இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத போலீஸ்காரர் இல்லை. நம் ஸ்டேஷன்களில் ராத்திரி அடிபடுகிறவர்களில் எத்தனை பேரிடம் குண்டு இருந்தது என்று திருப்பிக் கேட்கலாம். ஆனாலும் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம், உலகத்திலேயே பணமும் அதிகாரமும் அதிகம் உள்ள ஒரு நாடு அதைச் செய்தே பார்த்துவிட்டது. 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ரகசியச் சிறைகளில் ஆட்களைத் தூங்கவிடாமல் நாள்கணக்கில் நிறுத்தியது, பெட்டிக்குள் அடைத்தது, மூச்சுத் திணறத் திணற முகத்தில் தண்ணீர் ஊற்றியது. அபு சுபைதா என்பவர் மேல் ஒரே மாதத்தில் 83 தடவை, காலித் ஷேக் முகம்மது மேல் 2003 மார்ச்சில் 183 தடவை. பலிக்கிற முறைக்கு 183 தடவை எதற்கு? 2014 டிசம்பரில் அமெரிக்க செனட்டின் உளவுக் குழு, சி.ஐ.ஏ.வின் ஆவணங்களையே பல வருடம் புரட்டிப் பார்த்துவிட்டு, தகவல் பெறவோ ஒத்துழைப்பு பெறவோ இது பயன்பட்ட முறை இல்லை என்று எழுதியது. சி.ஐ.ஏ. அதை மறுத்தது, மறுக்காமல் என்ன செய்யும். பிடித்து வைத்திருந்த 119 பேரில் குறைந்தது 26 பேரை அவர்கள் விதிப்படியே பிடித்திருக்கக் கூடாது என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. குண்டு வெடிக்கும் கதையில் கையில் இருப்பவன்தான் குண்டு வைத்தவன் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். நிஜத்தில் அது யாருக்கும் தெரிவதில்லை.

இதைவிட மோசம் அல்-லிபி என்பவர் கதை. 2001 கடைசியில் பிடிபட்டவரை எகிப்திடம் ஒப்படைத்தார்கள். அங்கே அவர், அல்-காய்தா ஆட்களுக்கு இரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சியை ஈராக் கொடுத்தது என்று சொன்னார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் அதை ஓர் ஆதாரமாக வைத்துப் பேசினார், மறு மாதம் யுத்தம். 2004-இல் அந்த ஆள், அடி தாங்காமல் நீங்கள் கேட்க விரும்பியதைச் சொன்னேன் என்று பின்வாங்கிவிட்டார். நாங்குநேரிப் பையனும் இவரும் செய்தது ஒரே வேலை. கேட்கிறவன் முகத்தைப் பார்த்து, எந்தப் பதிலுக்கு அடி நிற்கும் என்று கண்டுபிடித்து, அதைச் சொல்வது. பையன் விஷயத்தில் ஒரு வழக்கு போனது, இங்கே ஒரு தேசமே போனது.

குண்டு வைத்த வழக்கிலேயே இன்னொன்று. 1974-இல் பிரிட்டனில் பர்மிங்காம் நகரத்து மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். ஆறு பேரைப் பிடித்தார்கள். அதில் நான்கு பேர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள், அடித்து வாங்கியது என்று கோர்ட்டில் கத்தினார்கள், யாரும் கேட்கவில்லை. பதினாறு வருடம் கழித்து, 1991-இல், ஆறு பேரும் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். குண்டு வைத்தவர்கள் அந்த வழக்கில் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. ஆள்தான் கிடைத்துவிட்டதே, தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் போலீஸ் 1992-இல் விசாரணை முறையையே மாற்றியது: தயார் செய்துகொண்டு உட்கார், எதற்குக் கேட்கிறாய் என்று சொல், ஆளை முழுசாகப் பேசவிடு, பிறகு முரண்பாட்டை ஒவ்வொன்றாக முன்னால் வை. ஒப்புதல் வாங்குவது நோக்கமில்லை, விவரம் வாங்குவதுதான் நோக்கம். இதற்கு அவர்கள் போலீஸ் அழிந்துபோய்விடவில்லை.

ஞாபகம் என்கிற விஷயத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் படையினர் ஐந்நூறு பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு சோதனையின் முடிவு 2004-இல் வெளியானது. எதிரியிடம் பிடிபட்டால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்ற பயிற்சி. தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது, அப்புறம் விசாரணை. மறுநாள் தன்னை விசாரித்தவனை அடையாள அணிவகுப்பில் காட்டச் சொன்னார்கள். மிதமான விசாரணைக்கு உள்ளானவர்களில் நூற்றுக்கு 62 பேர் சரியாகக் காட்டினார்கள். உடம்பில் கை வைத்து மிரட்டி விசாரிக்கப்பட்டவர்களில் 30 பேர்தான். அரை மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் நின்றவனையே அடையாளம் தெரியவில்லை! பயிற்சி பெற்ற ராணுவ வீரனுக்கே இப்படி என்றால், நீங்கள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டவனுக்கு மூன்று மாதத்துக்கு முந்தின தேதியும் பைக் நம்பரும் எப்படி ஞாபகம் வரும்? உண்மையைச் சொல்ல நினைப்பவனுடைய ஞாபகத்தையே நீங்கள் கெடுக்கிறீர்கள்.

சரி, அடிக்காமல் என்னதான் செய்வது? நான் பிராக்டிஸ் ஆரம்பித்த காலத்தில் ஓர் ஏட்டையா இருந்தார், குற்றப்பிரிவில். ஆள் கையில் லத்தி பிடித்து நான் பார்த்ததில்லை. ஆளைக் கொண்டுவந்ததும் முதல் கேள்வி, "சாப்ட்டியால?" இல்லை என்றால் இட்லி வாங்கிவரச் சொல்லுவார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர், குடும்பம், எந்தக் கோயில் கொடைக்குப் போவான், யார் வீட்டில் பெண் எடுத்தான் என்று பேசிக்கொண்டே இருப்பார். ஒரு மணி நேரம் கழித்து, "சரிடே, செவ்வாக்கிழமை என்ன பண்ணின?" காலையிலிருந்து ராத்திரிவரை சொல்லவிடுவார், குறுக்கே பேச மாட்டார். பிறகு, "இப்ப ராத்திரிலேர்ந்து காலைக்குத் திரும்பிச் சொல்லு பாப்போம்." நடந்ததைச் சொல்கிறவன் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிடுவான், கதை கட்டினவனுக்குப் பின்பக்கமாக வராது, எங்கேயோ ஒரு முடிச்சு அவிழும். அதற்குள் இன்னொரு காவலர் அடகுக் கடை ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். அவர் போட்ட வழக்கில் எங்களுக்குக் கேட்கக் கேள்வியே இருக்காது. அவர் பெயரைப் பார்த்தாலே சீனியர், "கட்சிக்காரன்ட்ட பேசி ஒத்துக்கிடச் சொல்லுங்கடே, தண்டனையாவது குறையும்" என்பார்.

அவருக்கு அலி சூஃபான் யார் என்று தெரிந்திருக்காது. அமெரிக்க எஃப்.பி.ஐ. அதிகாரி, லெபனானில் பிறந்தவர், அரபி பேசுபவர். 2001 செப்டம்பரில் ஏமன் சிறையில் பின்லாடனின் பழைய மெய்க்காப்பாளரை விசாரித்தார். அந்த ஆள் அமெரிக்கர் முகத்தைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றான். டீயோடு வைத்த பிஸ்கட்டை அவன் தொடவில்லை என்பதைக் கவனித்து, சர்க்கரை வியாதி என்று தெரிந்துகொண்டு, மறுமுறை சர்க்கரையில்லாத பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். ஆள் இளகினான், பேசினான், விமானக் கடத்தலில் இருந்தவர்களைப் படத்தில் அடையாளம் காட்டினான். பிஸ்கட் கொடுத்தால் எல்லாரும் பேசிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கவனிப்பு என்றால் அதையும் சொல்லலாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு இன்றைக்கு ஏட்டையாவுக்கு இல்லாத வசதிகள் இருக்கின்றன. செல்போன் அழைப்பு விவரம், டோல்கேட் பதிவு, கடைக்குக் கடை கேமரா, யு.பி.ஐ. கணக்கு. ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்துக்குத் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) சொல்கிறது. ஆள் போதாது, வண்டிக்கு டீசல் போதாது, பந்தோபஸ்து டியூட்டி போகவே நேரம் சரியாக இருக்கிறது என்பீர்கள். உண்மைதான், அதற்காகச் சங்கம் கிடையாது, வாய் திறக்க முடியாது, பாவம்தான். ஆனால் டீசல் இல்லாததற்கு ஒருத்தன் பாதம் வீங்க வேண்டும் என்பது என்ன கணக்கு?

பலன் பற்றி இவ்வளவு பேசியதால் நாளைக்கே பலிக்கிற ஓர் அடி கண்டுபிடித்துவிட்டால் வக்கீலுக்குச் சம்மதம்தானா என்று கேட்டுவிடாதீர்கள். பலித்தாலும் கூடாது. உங்கள் கையில் இருக்கிறவன் ஓட முடியாது, திருப்பி அடிக்க முடியாது, கதவு உங்கள் பக்கம் பூட்டியிருக்கிறது, அவன் மூத்திரம் போவதற்குக்கூட உங்களிடம் கேட்க வேண்டும். அப்படி ஒருத்தனை அடிப்பதற்குத் தைரியமோ திறமையோ தேவையில்லை. அவன் கொலையே செய்திருந்தாலும் அதற்குத் தூக்குவரை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பல்லைப் பிடுங்க எந்தப் பிரிவிலும் இடம் இல்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு இதுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது. அதனால் தனிச் சட்டம் இல்லையே என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்லலாம். ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் ஏழு வருடம், கொடுங்காயம் என்றால் பத்து வருடம், புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவு. அது உங்களுக்கும்தான்.

மாவுக்கட்டு பற்றி ஒரு வார்த்தை. "தப்பியோட முயன்றபோது", "கழிவறையில் வழுக்கி விழுந்து" என்று செய்தி வரும், கையில் காலில் கட்டோடு பையன்கள் வரிசையாக நிற்கும் படம் போனில் சுற்றும், கீழே ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். போலீஸ் ஸ்டேஷன் கழிவறை கைதிகளுக்கு மட்டும் எப்படி வழுக்குகிறது என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எங்கெங்கே கேமரா வேண்டும் என்று பட்டியல் கொடுத்தபோது, கழிவறைக்கு வெளியே என்பதையும் சேர்த்தே சொன்னது. பதிவைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் முதல் வேலையாக அதைத்தான் மனுப் போட்டுக் கேட்கிறேன். கைதட்டின அந்த ஆயிரம் பேரில் ஒருத்தர்கூட உங்களுக்காகச் சாட்சி சொல்ல வர மாட்டார்.

மேலே இருப்பவரும் வர மாட்டார். "அடி" என்று யாரும் எழுத்தில் கொடுப்பதில்லை. போனில், அதுவும் சாதாரண போனில் இல்லை, வாட்ஸ்அப் காலில் வரும். காரியம் கெட்டுப்போனால் கூண்டில் நிற்பது நீங்களும் ரைட்டரும் இரண்டு காவலர்களும். சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை நடுவரிடம் துணிந்து சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர். கூட வேலை பார்க்கிறவர்கள் வெளியே நின்று மிரட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார். உங்களைவிடக் கீழே உள்ள பதவி. ஆகவே வாய்மொழி உத்தரவு வந்தால் பொது நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதுங்கள், "இன்னார் அழைப்பு, இன்ன அறிவுரை" என்று இரண்டு வரி. எழுதப்போகிறேன் என்று சொன்னாலே பாதி உத்தரவு காணாமல் போய்விடும். கைதுக் குறிப்பை அப்போதே போடுங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்று "எய்யா, எம் பிள்ள உள்ள இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிற அம்மாவுக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்து, வாக்குமூலத்தை நம்பாமல் தடயத்தையும் ரெஜிஸ்டரையும் நம்பி ஒரு வழக்கைக் கொண்டுவந்தீர்கள் என்றால், என் கட்சிக்காரன் உள்ளே போவான், எனக்கு ஃபீஸ் பாக்கிகூட வராது. பரவாயில்லை. ஆனால் கூண்டில் ஏறும் அன்று வி.ஏ.ஓ.விடம் கேட்கும் அந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பேன், கேமராப் பதிவையும் கேட்பேன். அன்று இந்த மடலைக் காட்டி, நீங்கள்தானே அண்ணாச்சி எழுதினீர்கள் என்று சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் தினமும் நீங்கள் பார்க்கப்போகும் ஒரு வக்கீல்